நெய்வேலி எதை விற்கலாம்?

2020 செப்டம்பர் இறுதியோடு நெய்வேலியின் முதல் அனல் மின்நிலையம் ஓய்வுபெற்றது. சோவியத் ஒன்றியத்தின் உதவியோடு கட்டப்பட்டு, 1962-இல் மின்சாரம் தரத் தொடங்கி, படிப்படியாக 600 மெகாவாட் திறனுக்கு வளர்ந்த நிலையம் அது. தமிழ்நாட்டின் கிணற்று மோட்டார்களும் ஆலைகளும் பல்கிப் பெருகிய காலம் முழுவதும் அது ஓடியது. 58 ஆண்டு உழைத்து அது நின்றபோது, ஆண்டுதோறும் அது வெளியேற்றிவந்த கரியமில வாயுவும் நின்றுபோனது. உலகில் இன்று இப்படி நின்றுபோகும் வாயுவை டன் கணக்கில் அளந்து, சான்றிதழாக்கி, வெளிநாட்டுக்கு விற்க முடியும். அப்படியானால் நெய்வேலி ஒரு பெரிய தொகையைத் தவறவிட்டுவிட்டதா? இல்லை என்பதே என் பதில். அந்த நிலையம் பருவநிலைக்காக மூடப்படவில்லை, வயதாகிவிட்டதால் மூடப்பட்டது. அதன் இடத்தை நிரப்ப, அதே பழுப்பு நிலக்கரியில் ஓடும் 1,000 மெகாவாட் புதிய நிலையம் 2019-க்கும் 2021-க்கும் இடையில் உற்பத்திக்கு வந்தது. ஒரு யூனிட்டுக்கு எரிக்கும் கரி புதியதில் குறைவுதான். ஆனாலும் எப்படியும் நடந்திருக்கக்கூடிய ஒன்றை, அதுவும் இன்னொரு புகைபோக்கி எழுந்த பிறகு, மாசுக் குறைப்பு என்று விற்றிருந்தால் அது பொய்ச் சரக்காகவே இருந்திருக்கும்.

வளரும் நாடுகள் சர்வதேச கார்பன் சந்தையில் இறங்கி, தங்கள் பருவநிலை இலக்குகளுக்கான பணத்தைத் திரட்டிக்கொள்ள வேண்டும் என்ற குரல் இப்போது எல்லா மாநாட்டு அரங்குகளிலும் கேட்கிறது. சந்தையின் அடிப்படை எளிமையானது. ஒரு நாடோ நிறுவனமோ தன் வாயு வெளியேற்றத்தைக் குறைக்க அதிகம் செலவழிக்க வேண்டியிருக்கிறது. வேறொரு நாட்டில் அதே ஒரு டன்னைக் குறைந்த செலவில் குறைக்கலாம். முதலாமவர் இரண்டாமவருக்குப் பணம் கொடுத்து, அந்தக் குறைப்பைத் தன் கணக்கில் எழுதிக்கொள்கிறார். ஒரு டன்னுக்கு ஒரு கார்பன் கிரெடிட். காற்றுக்கு எல்லைக்கோடு கிடையாது என்பதால் எங்கே குறைந்தாலும் பூமிக்கு நல்லதுதான். ஆனால் விற்கும் நாடு எதை விற்கிறது, எதைத் தனக்கென வைத்துக்கொள்கிறது என்பதில்தான் லாப நஷ்டம் இருக்கிறது. எளிதாகவும் மலிவாகவும் செய்யக்கூடியவற்றை நாம் நமக்கே வைத்துக்கொள்ள வேண்டும். வெளிப்பணம் இல்லாமல் நம்மால் செய்யவே முடியாத கடினமான வேலையை மட்டும், நல்ல விலைக்கு விற்க வேண்டும். நெய்வேலியை முன்னால் வைத்துப் பார்த்தால் இது ஏன் என்பது தெளிவாகத் தெரிகிறது.

இந்தச் சந்தைக்கு இந்தியா புதிய முகமல்ல. 1997-இல் ஏற்கப்பட்டு 2005 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த கியோட்டோ ஒப்பந்தத்தின் கீழ் தூய்மை மேம்பாட்டு முறைமை என்ற ஏற்பாடு உருவானது. அதில் திட்டங்களைப் பதிவுசெய்த நாடுகளில் சீனாவுக்கு அடுத்த இடம் நமக்கு. தமிழ்நாடு முன்வரிசையில் நின்றது. காற்றாலை நிறுவிய நூற்பாலைகளை ஒன்றுசேர்த்து, தமிழ்நாடு நூற்பாலைகள் சங்கமே ஒருங்கிணைத்துப் பதிவுசெய்த திட்டம் அதில் ஒன்று. இந்தியாவில் முதலில் பதிவான திட்டமோ வேறு வகை: குஜராத்தில் குளிர்சாதன வாயு தயாரிக்கும்போது கழிவாக வரும் ஹெச்.எஃப்.சி.-23 என்ற வாயுவை அழிப்பது. நம் மேட்டூரிலும் அதே வகைத் திட்டம் ஒன்று பதிவானது. ஒரு டன் ஹெச்.எஃப்.சி.-23 என்பது 11,700 டன் கரியமில வாயுவுக்குச் சமம் என்று அன்று கணக்கிட்டார்கள். ஆகவே ஒரு டன் கழிவை எரித்தால் 11,700 கிரெடிட். எரிக்கும் செலவோ சொற்பம். குளிர்சாதன வாயுவை விற்பதைவிட அதன் கழிவை அழிப்பதில் அதிக வருமானம் என்ற தலைகீழ் நிலை உலகின் பல ஆலைகளுக்கு வந்தது. பணம் கிடைக்கிறது என்பதற்காகவே கழிவை அதிகம் உண்டாக்கத் தூண்டும் ஏற்பாடு இது என்ற கண்டனம் எழுந்து, 2013 மே மாதம் முதல் ஐரோப்பிய ஒன்றியம் இந்த வகைக் கிரெடிட்டுகளை ஏற்பதை நிறுத்தியது. குஜராத்தின் முந்த்ராவில் எழுந்த பிரம்மாண்டமான நிலக்கரி மின்நிலையம்கூட, பழைய தொழில்நுட்பத்தைவிடக் குறைவாக எரிக்கிறது என்ற காரணத்தால் இதே முறைமையில் பதிவாகியிருந்தது என்பதைச் சொன்னால் இன்று பலர் நம்பமாட்டார்கள்.

காற்றாலைக் கதை இன்னும் ஆழமான பாடம் தருகிறது. காற்றாலை நல்ல விஷயம் என்பதில் ஐயமில்லை. ஆனால் கார்பன் பணம் வந்ததால்தான் அந்தக் காற்றாலை எழுந்ததா, வராவிட்டாலும் எழுந்திருக்குமா? சந்தையின் உயிர்நாடியான கேள்வி இதுதான். எப்படியும் எழுந்திருக்கும் என்றால், அந்தக் கிரெடிட்டை வாங்கிய ஐரோப்பிய ஆலை தன் புகையை அந்த அளவுக்குக் கூடுதலாக விட்டிருக்கும், பூமிக்கு நஷ்டம். ரஃபேல் காலெல் உள்ளிட்ட நான்கு பொருளியலாளர்கள் இந்தியக் காற்றாலைத் திட்டங்களையே எடுத்துக்கொண்டு, கார்பன் பணம் பெற்றவற்றைப் பெறாதவற்றோடு ஒப்பிட்டார்கள். வழங்கப்பட்ட கிரெடிட்டுகளில் குறைந்தது 52 விழுக்காடு, அந்தப் பணம் இல்லாமலேயே எழுந்திருக்கக்கூடிய திட்டங்களுக்குப் போனது என்பது அவர்களின் முடிவு. இத்தகைய சரக்கு குவியும் சந்தையில் விலை நிலைக்காது. 2008-இல் ஒரு டன்னுக்கு 20 யூரோவுக்கு மேல் விற்ற கிரெடிட், 2012 முடிவதற்குள் ஒரு யூரோவுக்கும் கீழே போனது. ஐரோப்பா பொருளாதாரச் சரிவில் இருந்ததும், 2012-க்குப் பிறகு பதிவாகும் புதிய திட்டங்களில் மிகவும் பின்தங்கிய நாடுகளுடையதை மட்டுமே வாங்குவோம் என்று அது விதி வகுத்ததும் காரணங்கள். மலிவான, சந்தேகத்துக்குரிய சரக்கை மலைபோலக் குவித்தது அதே அளவு முக்கியமான காரணம்.

2015 பாரிஸ் ஒப்பந்தம் இந்தக் கணக்கையே மாற்றிப்போட்டது. கியோட்டோ காலத்தில் இந்தியாவுக்குக் குறைப்பு இலக்கு ஏதும் இல்லை. நாம் எதை விற்றாலும் நம் கையிருப்பு குறையவில்லை. இப்போது அப்படியில்லை. பொருளாதார உற்பத்தியின் ஒவ்வொரு ரூபாய்க்கும் வெளிவிடும் வாயுவை, 2005-ஐ ஒப்பிட்டு 2030-க்குள் 45 விழுக்காடு குறைப்பதாக உலகுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறோம். ஒப்பந்தத்தின் 6-ஆவது பிரிவு நாடுகளுக்கிடையே கிரெடிட் விற்பனையை அனுமதிக்கிறது. ஆனால் விற்ற டன்னை விற்ற நாடு தன் கணக்கிலிருந்து கழித்துவிட வேண்டும். வங்கிக் கணக்கிலிருந்து ஒருவருக்கு அனுப்பிய பணத்தை நாமும் செலவழிக்க முடியாதல்லவா, அதுபோல. 2024 ஜனவரியில் பாங்காக்கின் மின்சாரப் பேருந்துகள் மிச்சப்படுத்திய வாயுவில் ஒரு பகுதியைத் தாய்லாந்து சுவிட்சர்லாந்துக்கு மாற்றியது. இந்தப் புதிய விதியின் கீழ் நடந்த முதல் கைமாற்றம் அது. மாற்றப்பட்டது வெறும் 1,916 டன். அந்த டன்கள் இனித் தாய்லாந்தின் சாதனைப் பட்டியலில் வராது.

இந்த ஒரே விதி நெய்வேலியின் சூரிய மின்சாரத்தை விற்கக் கூடாத சரக்காக்கிவிடுகிறது. நெய்வேலிச் சுரங்கங்களையும் மின்நிலையங்களையும் நடத்தும் என்.எல்.சி. இந்தியா நிறுவனம் 2019-லேயே 1,000 மெகாவாட் சூரிய மின்திறனைத் தாண்டியது. மத்தியப் பொதுத்துறை நிறுவனங்களில் அந்த எல்லையைத் தொட்ட முதல் நிறுவனம் அதுதான். இது பெருமைக்குரியது. ஆனால் சூரிய மின்சாரம் வெளிப்பணத்தை நம்பி நிற்கும் கட்டத்தை எப்போதோ தாண்டிவிட்டது. 2017-இல் ராஜஸ்தானின் பாட்லா பூங்காவுக்கான ஏலத்தில் ஒரு யூனிட் 2 ரூபாய் 44 காசுக்கு இறங்கியது. அதை இன்று வெளிநாட்டுக்கு விற்றால், நம் சொந்த வாக்குறுதியை நிறைவேற்ற மிகச் சுலபமான வழியை நாமே கைமாற்றிவிட்டு, கடினமானவற்றை நம் தலையில் கட்டிக்கொள்வோம். வாங்குவோரும் இதை உணர்ந்துவிட்டார்கள். தன்னார்வச் சந்தையின் தரத்தைக் கண்காணிக்கும் சர்வதேசக் குழு, 2024 ஆகஸ்டில், பழைய முறையில் வழங்கப்பட்ட புதுப்பிக்கத்தக்க மின்சாரக் கிரெடிட்டுகளுக்குத் தன் தரமுத்திரை கிடையாது என்று அறிவித்தது. 2023-இல் நம் மத்திய அரசு 6-ஆவது பிரிவில் விற்பதற்குத் தகுதியான வேலைகளின் பட்டியலை வெளியிட்டபோதும், சாதாரண சூரிய மின்சாரத்தைச் சேர்க்கவில்லை. சேமிப்போடு கூடியதை, அதுவும் சேமித்துத் தரும் பங்குக்கு மட்டும், சேர்த்தது. பசுமை ஹைட்ரஜன், கடலில் நிறுவும் காற்றாலை, அழுத்தப்பட்ட உயிரிவாயு, கரியமில வாயுவைப் பிடித்துச் சேமித்தல் என்று அந்தப் பட்டியல் கடினமானவற்றின் பக்கமே நிற்கிறது. இது சரியான முடிவு. ஆனால் பழைய அனல் மின்நிலையத்தைக் காலத்துக்கு முன்பே மூடுவது அதில் இல்லை.

நெய்வேலிக்கு உண்மையிலேயே கடினமான வேலை அதுதான். இங்கே தோண்டி எடுக்கப்படும் பழுப்பு நிலக்கரியின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். அந்த ஈரத்தை விரட்டவே வெப்பத்தின் ஒரு பகுதி போய்விடுகிறது. அதனால் கறுப்பு நிலக்கரி நிலையங்கள் ஆயிரம் யூனிட்டுக்கு ஏறத்தாழ ஒரு டன் கரியமில வாயுவை விட்டால், இவை அதைவிட அதிகம் விடுகின்றன. முதல் நிலையத்தின் விரிவாக்கமாக 2002, 2003-இல் வந்த இரண்டு 210 மெகாவாட் அலகுகளில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். திறனில் 70 விழுக்காடு ஓடினால் ஆண்டுக்குச் சுமார் 128 கோடி யூனிட். ஆயிரம் யூனிட்டுக்கு 1.2 டன் என்று வைத்தால் ஏறத்தாழ 15 லட்சம் டன் வாயு. ஒரு டன் 10 டாலருக்கு விற்றால், டாலருக்கு 85 ரூபாய் என்ற கணக்கில், ஆண்டுக்கு 130 கோடி ரூபாய் வரும். அதாவது உற்பத்தியாகாத ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஒரு ரூபாய். சூரிய மின்சாரத்தைப் பகலில் சேமித்து மாலையில் தருவதற்கு ஆகும் கூடுதல் செலவில் கணிசமான பங்கை இந்த ஒரு ரூபாய் தாங்கும். விலை அரை டாலருக்கு விழுந்தால் அதே ஒரு யூனிட்டுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 5 காசுதான். அதை வைத்துக்கொண்டு எதையும் மாற்ற முடியாது. முதலில் விலைக்கு ஒரு தரைமட்டம் வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். ஏலத்தில் கிடைத்த விலைக்கு விற்பதல்ல, பத்தாண்டுக்குக் குறையாத, குறைந்தபட்ச விலை எழுதப்பட்ட ஒப்பந்தம் வேண்டும்.

இதற்கு முன்னோட்டம் பிலிப்பைன்ஸில் நடந்துகொண்டிருக்கிறது. பதங்காஸ் மாகாணத்தில் 246 மெகாவாட் நிலக்கரி நிலையம் ஒன்று இருக்கிறது. ஏசன் என்ற நிறுவனம் 2022-இல் செய்த நிதி ஏற்பாட்டால் அது 2040-லேயே மூடப்பட வேண்டும் என்று முடிவானது. அதையும் முன்தள்ளி 2030-இல் மூட, மீதிப் பத்தாண்டில் வெளிவராத வாயுவைக் கிரெடிட்டாக விற்கும் திட்டத்தை ராக்ஃபெல்லர் அறக்கட்டளையும் சிங்கப்பூர் நாணய ஆணையமும் முன்னெடுத்தன. இப்படி மூடும் நிலையங்களுக்கான அளவீட்டு முறையை, தொழிலாளர் நலனையும் நிபந்தனையாக்கி, வெர்ரா என்ற சான்றளிப்பு நிறுவனம் 2025-இல் வெளியிட்டது. வாங்க ஆளிருக்கிறதா என்றால், சிங்கப்பூரில் கார்பன் வரி டன்னுக்கு 2024-இல் 25 சிங்கப்பூர் டாலர், 2026-இல் 45. வரிக்குட்பட்ட வாயுவில் 5 விழுக்காடு வரை சர்வதேசக் கிரெடிட்டால் ஈடுகட்டலாம் என்று அங்கே சட்டமிருக்கிறது. 2025 ஆகஸ்டில் இந்தியா ஜப்பானோடும் கூட்டுக் கிரெடிட் உடன்படிக்கையில் கையெழுத்திட்டிருக்கிறது. வாசல்கள் திறந்துதான் இருக்கின்றன.

ஆனால் இங்கேயே ஒரு சிக்கலை நேருக்கு நேர் பார்த்துவிட வேண்டும். நாம் விற்கப்போவது, ஓடியிருக்கக்கூடிய ஆண்டுகளை. கார்பன் பணம் இல்லாவிட்டால் ஒரு நிலையம் எத்தனை ஆண்டு ஓடியிருக்கும் என்பதை யார் சொல்வது? பொறியியல் புத்தகக் கணக்கு 25 அல்லது 30 ஆண்டு என்கிறது. நெய்வேலியின் முதல் நிலையமோ ஆயுள் நீட்டிப்புப் பணிகளோடு 58 ஆண்டு ஓடிக் காட்டியது. விற்பவர் 58 என்பார். வாங்குபவர் 25 என்பார். இடையிலுள்ள 33 ஆண்டும் வெறும் காகிதப் புகையாகிவிடும் அபாயம் இருக்கிறது. 1986-லிருந்து 1993 வரை வந்த இரண்டாம் அனல் மின்நிலையத்தின் ஏழு அலகுகளை இந்தச் சந்தைக்குக் கொண்டுவரக் கூடாது என்று நான் கருதுவது இதனால்தான். 1,470 மெகாவாட் என்பது கவர்ச்சியான அளவுதான். ஆனாலும் வயதாலேயே அவை விடைபெற வேண்டியவை. இன்னும் கணிசமான ஆயுள் மீதமிருக்கும் அலகுகளில், ஒழுங்குமுறை ஆணையம் ஏற்றுக்கொண்ட ஆயுட்காலத்துக்குள், பணம் வந்தால்தான் மூடுவோம் என்று கணக்குப் புத்தகமே காட்டும் ஆண்டுகளை மட்டும் விற்கலாம். இன்னொரு நிபந்தனையும் தேவை. மூடிய அலகுக்குப் போகவேண்டிய கரி வேறு கொதிகலனுக்குப் போகக் கூடாது. ஊத்தங்காலில் நெய்வேலிச் சுரங்கத்தின் கரியில் ஓடும் 250 மெகாவாட் தனியார் நிலையமும் இருக்கிறது. புதிய நிலையத்தின் இரண்டு 500 மெகாவாட் அலகுகளும் இருக்கின்றன. சுரங்கத்தில் வெட்டும் அளவையே அதற்கேற்பக் குறைக்காவிட்டால், மூடியதற்கும் பணம் வாங்கி, வேறிடத்தில் எரித்தும் பணம் வாங்குவோம். ஹெச்.எஃப்.சி.-23-இன் பிழை வேறு உருவில் திரும்பும்.

மின்தேவை பெருகிக்கொண்டே போகும்போது இருக்கும் நிலையத்தை மூடுவதா என்று கேட்பவர்களை ஒதுக்கிவிட முடியாது. 2024 மே மாதத் தொடக்கத்தில் தமிழ்நாட்டின் உச்ச மின்தேவை 20,000 மெகாவாட்டைத் தாண்டியது. வெயில் சாய்ந்தபின் சூரியத் தகடுகள் ஓய்ந்துவிடும். வீடுகளில் அப்போதுதான் விளக்கும் குளிர்சாதனமும் போடுகிறார்கள். இந்த நேரத்தில் நெய்வேலி கைகொடுக்கிறது என்பது உண்மை. நான் சொல்லும் விரிவாக்க நிலையத்தின் இரண்டு அலகுகளும் சேர்ந்து 420 மெகாவாட். அந்த உச்சத் தேவையில் 2 விழுக்காடு, அதிலும் நெய்வேலி மின்சாரம் அண்டை மாநிலங்களோடு பங்கிடப்படுகிறது. மாற்று ஏற்பாடு முதலில், மூடுவது பிறகு என்ற வரிசையை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டால் இருள் வராது. சேமிப்பு மின்கலங்கள் நின்று, ஒரு கோடைக்காலத்தைத் தாங்கிக் காட்டிய பிறகே அலகு அணையட்டும். முதல் கிரெடிட்டும் அதன்பின்னரே வழங்கப்படட்டும். மூடிய நிலையத்தின் துணைமின் நிலையமும் மின்தடங்களும் அங்கேயே இருக்கின்றன. வெட்டி முடித்து மண்மூடிய சுரங்க நிலமும் இருக்கிறது. புதிதாக ஒரு சென்ட் வயல்கூடக் கேட்க வேண்டியதில்லை.

பணக்கார நாடுகள் தங்கள் பாவத்தைக் காசு கொடுத்துக் கழுவிக்கொள்வதற்கு நாம் ஏன் துணைபோக வேண்டும் என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். இதில் நியாயத்தின் பெரும்பங்கு அவர்கள் பக்கமே. நூற்றைம்பது ஆண்டு நிலக்கரியை எரித்துச் செழித்தவர்கள் மானியமாகத் தரவேண்டிய பணம் இது. 2024 நவம்பரில் பாக்கூ மாநாட்டில் வளரும் நாடுகள் ஆண்டுக்கு 1.3 லட்சம் கோடி டாலர் கேட்டன. 2035-க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் என்று முடிந்தது. இந்தியப் பிரதிநிதி அரங்கத்திலேயே எதிர்ப்பைப் பதிவுசெய்தார். அந்தப் போராட்டம் தொடர வேண்டும். ஆனால் வராத மானியத்துக்காகக் காத்திருக்கும் ஒவ்வோர் ஆண்டும் ஓர் அலகுக்கு 15 லட்சம் டன் வாயு காற்றில் கலந்துகொண்டிருக்கும். வாங்கும் நாடு தன் வீட்டில் செய்யவேண்டிய குறைப்பைத் தட்டிக்கழிக்காதிருக்க, சிங்கப்பூர் வைத்திருப்பதுபோல 5 விழுக்காட்டு உச்சவரம்பு உள்ளவர்களுக்கு மட்டும் விற்பது நம் கையில் இருக்கிறது. 2040-க்கான தன் இலக்கில் ஐரோப்பிய ஒன்றியமும் அதே அளவுக்குத்தான் வெளிநாட்டுக் கிரெடிட்டுக்கு இடம்கொடுக்கிறது. வரம்பில்லாமல் வாங்க வருபவரைத் திருப்பி அனுப்பலாம்.

எனக்கு மிகவும் கவலை தருவது, வரும் பணம் யாரிடம் போய்ச் சேரும் என்பது. 1956-இல் நிறுவனம் பதிவானதிலிருந்து கடலூர் மாவட்டத்தின் கிராமங்கள் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்துக்கொண்டே இருக்கின்றன. நிலம் கொடுத்த குடும்பங்களுக்கு நிரந்தர வேலை, ஒப்பந்தத் தொழிலாளர் பணிநிரந்தரம் என்ற கோரிக்கைகள் தலைமுறை தாண்டியும் தீரவில்லை. 2023 ஜூலையில் வளையமாதேவியில், பரவனாற்றின் மாற்றுக் கால்வாய்க்காக, நின்றிருந்த நெற்பயிருக்குள் இயந்திரங்கள் இறங்கின. பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு என்பது சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போன பிறகே முடிவானது. சுரங்கம் விரியும்போது இப்படி என்றால், சுருங்கும்போது என்ன ஆகும்? ஓர் அலகு நின்றால் முதலில் வேலை இழப்பவர் நிரந்தர ஊழியர் அல்ல. கரி அள்ளும், சாம்பல் அகற்றும், குழாய் பழுதுபார்க்கும் ஒப்பந்தத் தொழிலாளி. சூரியத் தகடுகளைத் துடைக்க அத்தனை கைகள் தேவைப்படாது. ஆகவே கிரெடிட் வருமானத்தில் ஒரு பங்கை அவருக்கென்று சட்டத்தாலேயே ஒதுக்க வேண்டும். இது புதுமை ஒன்றுமில்லை. பாரிஸ் ஒப்பந்தத்தின் ஐ.நா. சந்தையில் வழங்கப்படும் கிரெடிட்டுகளில் 5 விழுக்காடு, பருவநிலைப் பாதிப்பைச் சமாளிக்கும் ஏழை நாடுகளுக்கான நிதிக்குத் தானாகவே போகிறது. இங்கேயும் 2015-இன் சட்டத் திருத்தத்தால், சுரங்க உரிமத்தொகையில் ஒரு பங்கு மாவட்டக் கனிம அறக்கட்டளைக்குப் போகிறது. கரி வெட்டினால் மாவட்டத்துக்குப் பங்கு உண்டு, வெட்டாமல் விட்டதற்கு வரும் பணத்தில் பங்கில்லை என்பது ஏற்க முடியாத ஏற்பாடு. கார்பன் வருமானத்தில் குறைந்தது கால்பங்காவது கடலூருக்கு, கிராம சபைகளின் தணிக்கையோடு, வர வேண்டும்.

அனல் நிலையங்களை முன்கூட்டியே மூடுவது 6-ஆவது பிரிவுப் பட்டியலில் இல்லை என்றேன். உள்நாட்டில் இந்தியா தொடங்கியிருக்கும் கார்பன் சந்தையும் அந்த இடைவெளியை நிரப்பவில்லை. 2023 ஜூனில் அறிவிக்கப்பட்ட அத்திட்டம் சிமென்ட், அலுமினியம், காகிதம் போன்ற தொழில்களுக்கு இலக்கு வைக்கிறது. அனல் மின்நிலையங்களை வெளியே நிறுத்தியிருக்கிறது. 6-ஆவது பிரிவுக்கான 2023-ஆம் ஆண்டுப் பட்டியல் முதல் மூன்றாண்டுகளுக்கென்று சொல்லித்தான் வெளியிடப்பட்டது. அதைத் திருத்தும்போது, ஆயுள் மீதமிருக்கும் அனல் அலகுகளை முன்கூட்டியே மூடுவதையும், சுரங்க அளவுக் குறைப்பு, தொழிலாளர் பங்கு, விலைத் தரைமட்டம் ஆகிய நிபந்தனைகளோடு சேர்க்க வேண்டும். அதற்கு முன்பே நெய்வேலியில் ஒரு வேலை தொடங்கலாம். ஒவ்வோர் அலகும் எவ்வளவு கரி எரிக்கிறது, எத்தனை ஆண்டு ஓட்டத் திட்டம், மூடினால் எத்தனை பேர் எந்தெந்த ஒப்பந்ததாரரிடமிருந்து வேலை இழப்பார்கள் என்ற பதிவேட்டைச் சுதந்திரமான தணிக்கையாளரைக் கொண்டு எழுதி, பொதுவெளியில் வைக்க வேண்டும். மூடும் தேதியை அறிவித்த பிறகு எழுதப்படும் கணக்கை எந்த நேர்மையான வாங்குபவரும் ஏற்கமாட்டார். விரிவாக்க நிலையத்தின் முதல் அலகுக்கு 2027-இல் 25 வயது நிறைகிறது.